எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு அப்பால்

8,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய்க்குள் விற்கும் இன்-இயர் மானிட்டர்களை நடுவிலை என்று வைத்துக்கொள்ளலாம். காதுத்துளைக்குள் இறங்கி உட்காரும் இவற்றை ரசிகர்கள் ‘ஐஇஎம்’ என்றே சுருக்கிச் சொல்கிறார்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இந்த விலையைக் கொடுப்பதற்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கீழே கிடைத்தவற்றில் பல பாஸை அள்ளிக் கொட்டின, குரலைப் பின்னுக்குத் தள்ளின, இல்லாவிட்டால் காதைக் குத்தின. 2022-இல் மூன்ட்ராப் நிறுவனத்தின் ‘சூ’வும் 7ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் ‘சால்நோட்ஸ் ஜீரோ’வும் 20 டாலர் விலையில் வந்தபோது அந்தக் காரணம் ஆட்டம் கண்டது. குரல் குரலாகவும் வயலின் வயலினாகவும் ஒலிக்க 20 டாலர் போதும் என்றால், அதைப்போல ஐந்து மடங்கும் பதினைந்து மடங்கும் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்? நடுவிலைப் பொருள்களை மதிப்பிடுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பது என் எண்ணம். அவர்கள் கையில் வைத்திருப்பது நல்ல அளவுகோல்தான். ஆனால் அது அளக்கும் குணம் இன்று மலிந்துவிட்டது. இந்த விலையில் பணம் செல்லும் இடங்கள் வேறு. அங்கே அந்த அளவுகோல் எட்டுவதில்லை.

அந்த அளவுகோலுக்குப் பேச்சுவழக்கில் கிராஃப் என்று பெயர். சிறிய உலோகக் குழாயின் ஒரு முனையில் இயர்போனைச் செருகுகிறார்கள். செவிப்பறை இருக்கவேண்டிய மறுமுனையில் மைக்ரோஃபோன் இருக்கிறது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ்வரை சுரத்தை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வோர் இடத்திலும் எத்தனை டெசிபல் வருகிறது என்று கோடாக வரைகிறார்கள். குழாயின் பக்கவாட்டில் உள்ள நுண்ணிய அறைகள், சராசரி மனிதக் காது ஒலியை வாங்கிக்கொள்ளும் விதத்தை ஒத்திருக்குமாறு அமைக்கப்பட்டவை. 1981-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐஇசி) 711 என்ற எண்ணோடு வெளியிட்ட தரம் இது. இன்று அதன் எண் 60318-4 என்று மாறிவிட்டபோதும் ‘711’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் டென்மார்க்கின் ஆய்வுக்கருவி நிறுவனங்களிடம் பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த இந்தக் குழாய்க்குச் சீனாவில் மலிவான நகல்கள் வந்ததும், வீட்டு மேசையிலேயே அளவெடுக்க முடிந்தது. வரும் கோடு நேராக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. திறந்த காதில், ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக்குழாயும் காதுமடலும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தூக்கிக் கொடுக்கின்றன; பிறந்த நாளிலிருந்து அந்த மேட்டோடுதான் உலகத்தைக் கேட்கிறோம். இயர்போன் துளையை அடைத்ததும் இயற்கையான அந்த மேடு குலைந்துவிடுகிறது. அதை இயர்போனே திருப்பித் தர வேண்டும். எவ்வளவு தர வேண்டும், அடியில் பாஸ் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஆய்வு வழியில் விடை தேடியவர்கள் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர். அவர்களுடைய குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 30 வகை இன்-இயர் போன்களை 71 பேர் கேட்டு மதிப்பெண் இட்டார்கள். பயிற்சி உள்ளவர்களும் இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். இரு தரப்பாரும் ஒரே கோட்டைத்தான் அதிகம் விரும்பினார்கள். அந்தக் கோட்டிலிருந்து ஓர் இயர்போன் எவ்வளவு விலகியதோ அவ்வளவு மதிப்பெண் இழந்தது.

இந்த ஆய்வு வாங்குகிறவனுக்குச் செய்த நன்மை பெரிது. ‘இதமான ஒலி’, ‘பட்டுப்போன்ற டிரெபிள்’ என்று எழுதியே பொருளை விற்றுவந்த காலத்தில், எதிர்த்துக் கேட்க அவன் கையில் எதுவும் இருக்கவில்லை. இப்போது இரண்டு கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். அதே 2017-இல் ஒலி ஆய்வாளர் ஜெரோன் பிரீபார்ட் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து, அதிர்வெண் வரைபடத்துக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பில்லை என்று எழுதினார். விலை ஏற ஏற ஒலி ஏறும் என்ற நம்பிக்கைக்கு அது பலத்த அடி. ஒலியை எழுப்பும் உறுப்பான டிரைவர் எத்தனை என்று பெட்டியின்மேல் அச்சிடப்படும் எண்ணிக்கைக்கும் இதே கதிதான். சென்ஹைசரின் ஐஇ 200, ஐஇ 300, ஐஇ 600, ஐஇ 900 ஆகிய நான்கும் காதுக்கு ஒன்றாக 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவரையே வைத்திருக்கின்றன; முதலாவது ஏறத்தாழ 150 டாலருக்கும் கடைசி 1,300 டாலருக்கும் அறிமுகமாயின. 2023-இல் 320 டாலருக்கு வந்த மூன்ட்ராப் ‘பிளெசிங் 3’ ஒரு பக்கத்துக்கு இரண்டு டைனமிக், நான்கு ஆர்மேச்சர் என இரு வகையில் ஆறு டிரைவர்களை அடக்கியிருக்கிறது. ஒன்று பெரிதா ஆறு பெரிதா என்று கேட்பது சமையலை அடுப்புகளின் எண்ணிக்கையால் மதிப்பிடுவதைப் போன்றது. ஆறு டிரைவர்களை ஒன்றோடொன்று உரசாமல் இணைத்து ஓட்டுவதற்கு உழைப்பு வேண்டும், செலவும் ஆகும். அந்தச் செலவு கேட்பவரின் காதுக்கு வந்து சேர்ந்ததா என்பதைக் கிராஃப்தான் காட்டிக்கொடுக்கிறது.

இத்தனை நம்பிக்கையைத் தாங்கி நிற்கும் ஹார்மன் ஆய்வு எப்படிச் செய்யப்பட்டது என்று ஒரு முறை உற்றுப் பார்க்க வேண்டும். 30 இயர்போன்களையும் ஒவ்வொருவர் காதிலும் மாற்றி மாற்றிச் செருகவில்லை. தரமான ஓர் இயர்போனை மட்டும் காதில் வைத்து, மற்றவற்றின் அளவீடுகளை மென்பொருள் வழியாக அதன்மேல் ஏற்றி ஒலிக்கச் செய்தார்கள். கேட்பவருக்குப் பிராண்டும் தெரியாது, எடையும் உருவமும் தெரியாது. அத்துடன் ஒவ்வொருவர் காதிலும் ஒலிக்கசிவு இருக்கிறதா என்று கண்காணித்து, இருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் சோதித்தார்கள். ஒலியை மட்டும் தனியே பிரித்து ஆராய இதைவிட நேர்மையான வழி கிடையாது. ஆனால் இயர்போன் என்ற பொருளிலிருந்து அந்த ஆய்வு எதை ஒதுக்கிவைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: காதில் சரியாக உட்காருகிறதா, கசிகிறதா, இரண்டு மணி நேரம் வலிக்காமல் இருக்கிறதா. வாங்கியவர் அன்றாடம் படும் பாடு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஆய்வாளர்கள் அறிந்தே ஒதுக்கியதை, அவர்களுடைய கோட்டைக் கையில் எடுத்த மதிப்புரையாளர்கள் அறியாமலே ஒதுக்கிவிட்டார்கள்.

கசிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இயர்போனை விரல்நுனியால் மெல்ல உள்நோக்கி அழுத்தினால் போதும். பாஸ் திடீரென்று தடித்து எழுந்தால், அதுவரை அங்கே சீல் இருக்கவில்லை என்று பொருள். இயர்போனின் முனையில் மாட்டும் இயர்டிப்பின் ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலே அடிப்பகுதி ஒலி ஒழுகிப் போய்விடும். அடித்தளம் போனபின் மிஞ்சும் மேற்பகுதி கிறீச்சென்று தனியே நிற்கும். ‘இந்த மாடல் ஒல்லியாக ஒலிக்கிறது, டிரெபிள் குத்துகிறது’ என்ற புகார்களில் ஒரு பகுதி உண்மையில் இயர்டிப்பின் அளவைப் பற்றிய புகார். பலருக்கு இரண்டு காதுத்துளைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு நடுத்தர டிப்பும் மறுபக்கத்துக்குப் பெரிய டிப்பும் தேவைப்படலாம். சென்ஹைசர் ஐஇ 200-இல் இயர்டிப்பை முனையில் இரண்டு நிலைகளில் பொருத்தலாம். எந்த நிலை என்பதைப் பொறுத்து பாஸின் அளவே மாறும்படி நிறுவனமே வடிவமைத்திருக்கிறது. மில்லிமீட்டர் கணக்கில் டிப்பை நகர்த்தினால் வரைபடம் மாறும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. பிளெசிங் 3-இன் முனை தடிமனானது. சிறிய காதுத்துளை உள்ளவருக்கு அது உள்ளே இறங்குமா என்பது, அதன் ஆறு டிரைவர்களும் சேர்ந்து எழுப்பும் எந்தக் கேள்வியைவிடவும் முந்திய கேள்வி.

கிராஃபின் இரண்டாவது எல்லை 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. 711 குழாயில் செருகிய இயர்போன்கள் பலவற்றின் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கூர்முனை எழும்பி நிற்கும். அது இயர்போனுக்கும் மைக்ரோஃபோனுக்கும் நடுவே அடைபட்ட காற்றின் ஒத்ததிர்வு. இயர்போனை இன்னும் ஆழமாகச் செருகினால் காற்றுப்பகுதி குறுகி அந்தக் கூர்முனை மேலே நகரும். வெளியே இழுத்தால் கீழே இறங்கும். அளவுகளை ஒப்பிட வசதியாக அதை 8,000-இல் நிறுத்தி அளப்பது வழக்கமாகியிருக்கிறது. வாங்குகிறவரின் காதில் அது 7,000-இல் நிற்கலாம், 10,000-ஐத் தாண்டியும் நிற்கலாம். 1991-இல் வந்த எடிமோட்டிக் ஈஆர்-4 மூன்றடுக்கு டிப்போடு காதுக்குள் ஆழமாக இறங்குமாறு செய்யப்பட்டதால், அதில் இந்த ஒத்ததிர்வு இன்னும் மேலே போய்விடும். ஆக, 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மதிப்புரையாளர் வெளியிடும் கோடு அவருடைய குழாயில், அவருடைய டிப்பில், அவர் செருகிய ஆழத்தில் கிடைத்த கோடு. புரூயல் அண்ட் கேயர் நிறுவனத்தின் 5128 போன்ற புதிய செயற்கைத் தலைகள் மேற்பகுதியை மனிதக் காதுக்கு இன்னும் நெருக்கமாகக் காட்டுகின்றன. என்றாலும் சராசரித் தலை எவ்வளவு துல்லியமாக ஆனாலும் அது இன்னொருவருடைய தலையாகவே இருக்கும். சிம்பலின் மினுமினுப்பு, குரலின் மூச்சுக்காற்று, ‘ஸ’ உறுத்துவது ஆகியவற்றில் ஒரு பங்கு இந்தப் பகுதியைச் சேர்ந்தது. கிராஃப் தள்ளாடும் இடத்தில்தான் மதிப்புரைகளின் மொழி மிகத் தைரியமாக இருக்கிறது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். வரைபடம் ஒலியின் தொனியை மட்டும்தான் காட்டும்; நுட்பங்களைப் பிரித்துக் காட்டும் திறன், இசைக்கருவிகளுக்கு இடையே உள்ள வெளி, தாக்கத்தின் வேகம் இவையெல்லாம் அதற்கு அப்பாற்பட்டவை; அதிக விலை அவற்றுக்குத்தான் என்பார்கள். இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தாம் கேட்ட வேறுபாட்டைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வேறுபாட்டுக்கு அவர்கள் காட்டும் காரணம் நிற்காது. இயர்போன் போன்ற சிறு கருவிகளில் ஒலி எழுந்து அடங்கும் காலமும் அதிர்வெண் வரைபடமும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட்டு எடுக்கக்கூடியவை. ‘வேகம்’ என்று தனியே ஒன்று கோட்டுக்கு வெளியே ஒளிந்திருப்பதில்லை. ஹார்மன் சோதனையில் 30 மாடல்களையும் ஒரே இயர்போனில் போலி செய்து கேட்கவைத்தும் மதிப்பெண்கள் ஒழுங்காகப் பிரிந்ததே இதற்குத் துணை நிற்கிறது. அதோடு, இரண்டு இயர்போன்களின் ஒலியளவை ஒரு டெசிபலுக்குள் பொருத்தாமல் மாற்றிக் கேட்டால், சற்று உரக்க ஒலிப்பதே தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். விலையைத் தெரிந்துகொண்டு கேட்டால் காதுக்கு முன்பே மனம் தீர்ப்பு எழுதிவிடும். இந்த மறுப்பில் மிஞ்சும் உண்மை ஒன்று உண்டு. கோட்டில் காணாத நுட்பம் என்று அவர்கள் சொல்வது, 8,000-க்கு மேலே அவர்கள் காதில் அந்த இயர்போன் எப்படி உட்கார்ந்தது என்பதன் விளைவாக இருக்கலாம். அப்படியானால் அந்த நுட்பம் கேட்டவருக்குக் கிடைத்தது. அடுத்தவருக்குக் கிடைக்கும் என்று அவர் உறுதி தர முடியாது. மதிப்புரையில் இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லுகிறவர்கள் மிகக் குறைவு.

காதுக்குக் காது வேறு, ரசனைக்கு ரசனை வேறு, ஆகவே அளவெடுப்பதே வீண் என்பவர்களுக்கு நீளமான பதில் தேவையில்லை. பெரிய ஹெட்ஃபோன்களை வைத்து அதே ஹார்மன் குழுவினர் செய்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இலக்குக் கோட்டையே விரும்பினார்கள்; எஞ்சியவர்களில் சிலர் பாஸ் கூட வேண்டும் என்றார்கள், சிலர் குறைய வேண்டும் என்றார்கள். ரசனை சிதறிக் கிடக்கவில்லை, சில குழுக்களாகக் கூடியிருக்கிறது. தவறு நடப்பது இதற்கு எதிர்ப்பக்கத்தில். சராசரி ரசனையின் கோட்டைச் சட்டமாக்கி, அதிலிருந்து இரண்டு டெசிபல் விலகினாலே குறை என்று தீர்ப்பளிக்கும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் நடந்த அந்தச் சோதனைகளில் ஒலித்தவை மேற்கத்திய ஸ்டூடியோ பதிவுகள். அவற்றில் கிக் டிரம் வேறு, பாஸ் கிடார் வேறு, குரல் வேறு என்று தனித்தனியே எடுத்து அடுக்கப்பட்டிருக்கும். கச்சேரிப் பதிவு அப்படி இருப்பதில்லை.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். வலந்தலையின் நடுவில் ஒட்டிய கரணையின் எடையால்தான் அந்தத் தோலின் மேற்சுரங்கள் ஒழுங்கான சுருதி உறவில் அமைகின்றன என்பதை 1920-இல் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள். சாதாரணப் பறைத்தோலில் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் சிதறும். மிருதங்கத்தில் அவை ஒன்றுகூடி நாதமாகின்றன. மறுபக்கம், கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்பிய தொப்பி கீழே கும்மென்று இறங்குகிறது. ஆக ஒரே வாத்தியத்தில் சுருதி சேர்ந்த மணிநாதமும் ஆழ்ந்த கார்வையும் ஒன்றாக வருகின்றன, அவற்றுக்கு மேலே பாடகரின் குரல். நடுவிலை இயர்போன் ஒன்று 200 ஹெர்ட்ஸைச் சுற்றிச் சற்றே வீங்கியிருந்தால், தொப்பியின் கார்வை குரலின் அடிப்பகுதிமேல் படிந்துவிடும். பாப் பாட்டில் ‘இதம்’ என்று பாராட்டப்படும் அதே வீக்கம் இங்கே மூட்டமாகிவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஏற்றி 200-ஐத் தொடாமல் விட்டிருந்தால் தொப்பி ஆழமாகவும் குரல் விலகியும் நிற்கும். 3,000-ஐ ஒட்டிய மேடு அளவுக்கு மீறினால் நாகஸ்வரம் பத்து நிமிடத்தில் களைப்பூட்டும். இவை அத்தனையும் கிராஃபில் தெரிபவை, இயர்போனுக்கு இயர்போன் ஒப்பிடக்கூடியவை. இவற்றை வாசிக்க ஹார்மன் கோட்டோடு எவ்வளவு ஒட்டியது என்ற ஒற்றை மதிப்பெண் போதாது. தமிழில் மதிப்புரை செய்பவர்கள் சோதனைப் பாடல்களாக மேற்கத்திய பட்டியலையே சுமந்துகொண்டிருப்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அளக்கும் கருவி ஒன்றாக இருக்கலாம்; அதை வாசிக்கும் கேள்விகள் நம் இசையிலிருந்து வர வேண்டும்.

இன்னொரு மறுப்பு, வரைபடத்தை நம்புகிறவர்களிடமிருந்தே வருவது. கோடுதான் எல்லாம் என்றால் 20 டாலர் இயர்போனை ஈக்வலைசரில் திருத்திக்கொண்டால் போகிறது, நடுவிலை எதற்கு? இதில் பாதி சரி. பாஸையும் நடுப்பகுதியையும் செல்போன் செயலியிலேயே செலவில்லாமல் திருத்தலாம். அப்படித் திருத்தி நிறைவடைகிறவர் மேலே செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை, மதிப்புரைகள் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஒழுகும் சீலை ஈக்வலைசர் அடைக்காது. காதுக்குக் காது இடம் மாறும் ஒத்ததிர்வை வேறொருவர் தந்த எண்களை வைத்துத் திருத்தப் போனால், இல்லாத மேட்டைச் செதுக்கி உள்ள பள்ளத்தை ஆழப்படுத்தும் ஆபத்து உண்டு. இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு மூன்று டெசிபல் வேறுபட்டால், பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்வார். அதைத் திருத்துவது சாதாரணப் பயனரின் வேலையாகாது. பணம் செல்ல வேண்டிய இடங்கள் இங்கேதான் வருகின்றன: காதுக்குழிவுக்கு ஏற்ற கூடு, மெலிந்த முனை, இரு பக்கமும் பொருந்தும்படி தேர்ந்தெடுத்து ஜோடி சேர்த்த டிரைவர்கள், ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் வேறுபாடு வராத உற்பத்தி.

எதில் செருகிக் கேட்கிறோம் என்பதையும் விலையோடு சேர்த்துப் பேச வேண்டும். ஆர்மேச்சர் டிரைவர்கள் பல சேர்ந்த இயர்போன்களில் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். செல்போனுக்கும் இயர்போனுக்கும் நடுவே செருகும் டாங்கிளின் வெளியீட்டு மின்மறுப்பு கூடுதலாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே ஒலியில் பதிந்து, வெளியிட்ட கிராஃபுக்கும் காதில் விழுவதற்கும் வித்தியாசம் வரும். மின்மறுப்பு சீராக இருக்கும் ஒற்றை டைனமிக் டிரைவரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆப்பிளின் 9 டாலர் டாங்கிள் போன்ற எளிய கருவியே பெரும்பாலானவற்றுக்குப் போதும். டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் டிஏசி கருவியை இயர்போனைவிட அதிக விலையில் வாங்கச் சொல்லும் அறிவுரைக்கு அளவீடுகளில் ஆதாரம் கிடைப்பது அரிது.

ஆகவே 20,000 ரூபாய் இயர்போனைப் பற்றி எழுதும்போது, கோடு இலக்கோடு எவ்வளவு ஒட்டியது என்பது முதல் பத்தியிலேயே முடிந்துவிடலாம். அதன்பிறகு எழுத நிறைய இருக்கிறது. முனையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், எந்த டிப்பில் எவ்வளவு ஆழத்தில் அளந்தது, இடது வலது இரண்டையும் தனித்தனியே அளந்தபோது எங்கே பிரிந்தன, ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் கிடைத்தனவா, கேபிளின் இணைப்பு கடையில் எளிதாகக் கிடைக்கும் 0.78 மில்லிமீட்டர் இருமுள் வகையா அல்லது நிறுவனத்துக்கே உரிய தனி வகையா. முனையிலுள்ள மெல்லிய வலையைப் பற்றியும் எழுத வேண்டும். காதுமெழுகும் வியர்வையும் அதில் படிந்தால் அந்தப் பக்கத்தின் டிரெபிள் சரியும், ஒலியளவும் குறையும். சித்திரை வெயிலில் பேருந்தில் கேட்கிறவருக்கு இது எப்போதாவது வரும் சிக்கலாக இருக்காது. வலையைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்று வலை பெட்டியில் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் பழுதானால் அந்தப் பக்கத்தைத் தனியே விற்பார்களா, இந்தியாவில் உத்தரவாதத்தை ஏற்பது யார் என்றெல்லாம் நிறுவனத்தையும் விற்பனையாளரையும் கேட்டு எழுதலாம். 20 டாலர் பொருளில் இந்த விடைகள் கிடைக்காமல் போனாலும் பொறுத்துக்கொள்ளலாம். அதைப்போலப் பத்து மடங்கு கேட்கும் பொருளில் இந்த விடைகள்தான் விலை.